நாற்பத்தேழாம் மாதிரி

மொன்றியல்
9 பெப்ரவரி 2003

அன்புள்ள ஜெகதீஸ்வரி,

கையெழுத்தைப் பார்த்தே ஆளை மட்டுக்கட்டியிருப்பீர். இல்லாவிட்டால் சொல்லிவிடுகிறேன்: அல்பேட் சூசைப்பிள்ளை. பேராதனையில் நான்கு வருடம் உமக்குப் பின்வாங்கில் இருந்து புவிச்சரிதவியல் படித்தவன். அரசாங்கத் திணைக்களத்தில் உம்மோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவன். எழுபத்தொன்பதில் பத்து மாதப் பயிற்சிக்கென்று உம்மோடு மேற்கு அவுஸ்திரேலியாவுக்கு வந்தவன். அதன் பிறகு உமக்கு ஒரு வரி எழுதாதவன். நீரும் எழுதவில்லை என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

உமது கணவர் இறந்ததை எங்கள் வகுப்பு றோசலின் போன வாரம்தான் ரொறன்ரோவிலிருந்து தொலைபேசியில் சொன்னாள். விலாசமும் அவள் தந்ததுதான். என் அனுதாபங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். பாலைவனத்தில் ஏழு வாரம் நாங்கள் கிடந்த கிளாரா மே தங்கச் சுரங்கம் நினைவிருக்கும். அந்தப் பக்கத்து வரலாற்றுச் சங்கம் அதைப் பற்றி ஒரு சிறு புத்தகம் போடுகிறது. எழுதுகிறவர் லெஸ்லி என்ற ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார். பழைய அறிக்கையில் என் பெயரைக் கண்டு, எங்கெல்லாமோ விசாரித்து, என்னைப் பிடித்துவிட்டார். பாறைகளைப் பற்றிய அத்தியாயத்தை நான் எழுதவேண்டுமாம். என் பெயர் போட்டு.

நான் இங்கே என்ன செய்கிறேன் என்று றோசலின் சொல்லியிருப்பாள். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு களஞ்சியத்தில் பதினாறு வருடமாகப் பெட்டிகளைப் பட்டியலோடு ஒத்துப்பார்க்கிறேன். என் பட்டங்களை இங்குள்ளவர்கள் ஏற்கவில்லை. பிரெஞ்சில் பரீட்சை எழுது என்றார்கள், எழுதினேன். பிறகு கனடாவில் வேலை செய்த அனுபவம் எங்கே என்றார்கள். வேலை தராமல் அனுபவம் எங்கிருந்து வரும் என்று கேட்டேன். அந்தக் கேள்விக்கு எந்த மொழியிலும் பதில் வரவில்லை. என்னிலும் குறையப் படித்தவன் எல்லாம் பியர்பொன்ட்ஸில் வீடு வாங்கிவிட்டான். நான் கோட்-டெ-நெய்ஜில் மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். பாறையைப் பற்றி ஒருவர் என்னிடம் கேட்டு இருபது வருடம். ஆகவே லெஸ்லியின் கடிதத்தை எத்தனை தரம் வாசித்தேன் என்று உமக்குச் சொல்லமாட்டேன்.

என் கொப்பிகள் எண்பத்துமூன்றில் கொழும்பு வீட்டோடு எரிந்துவிட்டன. நீர் எதையும் எறியாதவர். தங்க நரம்பைப் பிளவு வெட்டுகிற இடத்தை நிலத்துக்குக் கீழே இருந்து படமாகக் கீறியவரும் நீர்தான். உமது கள நோட்டுப் புத்தகத்தை அனுப்பினால் பத்திரமாகத் திருப்பி அனுப்புவேன்.

இன்னொன்று. மாதிரி 47 கதையையும் லெஸ்லி ஒரு பெட்டிச் செய்தியாகப் போடப்போகிறார். 'மணப்பெண்ணின் மாலை' என்று தலைப்பு வைத்திருக்கிறார். ஆள் கொஞ்சம் பகிடிக்காரர். எல்லாம் பழைய விஷயம். நீர் பெரிதாக எடுக்கமாட்டீர் என்று நினைக்கிறேன். ஜூன் கடைசியில் அச்சுக்குப் போகிறது.

அன்புடன்,
அல்பேட்

*

வெள்ளவத்தை
28 பெப்ரவரி 2003

அல்பேட்,

உங்கள் கடிதம் கிடைத்தது. அனுதாபத்துக்கு நன்றி.

நோட்டுப் புத்தகம் என்னிடம் இருக்கிறது. அனுப்பமாட்டேன். நீங்கள் கேட்ட படத்தை மட்டும் நிழற்பிரதி எடுத்து இத்தோடு வைத்திருக்கிறேன். அளவுத்திட்டம் கீழே இருக்கிறது. நரம்பு அறுபது பாகையில் கிழக்கே சாய்கிறது. ஐம்பத்திரண்டு மீற்றர் ஆழத்தில் பிளவு அதை வெட்டிவிடுகிறது. அதற்குக் கிழக்கே வெறும் பாறை.

'பழைய விஷயம்' என்று எழுதியிருக்கிறீர்கள். லெஸ்லிக்கு எழுதும்போது எதையும் விட்டுவிடக் கூடாது என்பதால் வரிசையாகச் சொல்கிறேன். மாதிரி 47 பிளவுக்குக் கிழக்குப் பக்கத்தில் எடுத்தது. தொன்னுக்கு முப்பத்தொரு கிராம் தங்கம் என்று முடிவு வந்தது. 1908இல் தேடிக் களைத்துக் கைவிட்ட நரம்பின் மறுபாதி கிடைத்துவிட்டதென்று கம்பனி துள்ளியது. மூன்று துளை போட்டார்கள். ஒன்றுமில்லை. அதே இடத்தில் மறுபடி மாதிரி எடுத்தார்கள். ஒன்றுமில்லை. மிச்சம் வைத்திருந்த தூளைப் பரிசோதித்தார்கள். தங்கத்தோடு செம்பு இருந்தது. அந்தச் சுரங்கத்துத் தங்கத்தில் வெள்ளி கலந்திருக்கும், செம்பு இராது. செம்பைக் கலப்பவன் தட்டான். ஆகவே அது யாரோ ஒருவரின் நகையிலிருந்து விழுந்த தங்கம். கல்லை நொறுக்கி அரிக்கும் கொட்டிலில் வேலை செய்தவர்கள் இரண்டு பேர். நீங்களும் நானும்.

கொட்டிலுக்குள் தாலிக்கொடி போடுவதில்லை என்று நான் முகாமையாளரிடம் சொன்னேன். அவர் உங்களைப் பார்த்து, அப்படியா என்று கேட்டார். நீங்கள் சொன்ன பதில் அறிக்கையின் பதினாலாம் பக்கத்தில் இருக்கிறது. எனக்கு மனப்பாடம்: 'அவர் இந்து சமயத்தவர். மணமான பெண் தாலியை ஒருபோதும் கழற்றுவதில்லை. அது அவர்களின் வழக்கம்.'

இரண்டு கிழமையில் என்னை விமானத்தில் ஏற்றிவிட்டார்கள்.

லெஸ்லியிடம் சொல்லுங்கள், அது மாலை அல்ல என்று. மற்றதையும் நீங்களே சொல்லுங்கள்.

ஜெகதீஸ்வரி இராசரத்தினம்

*

மொன்றியல்
16 மார்ச் 2003

ஜெகதீஸ்வரி,

நீர் மாறவேயில்லை. ஒரு படம் கேட்டால் படத்தோடு ஒரு குற்றப்பத்திரிகையும் வருகிறது.

நான் சொன்னதில் எது பொய்? வழக்கத்தைத்தானே சொன்னேன். நான் கத்தோலிக்கன், திருகோணமலையில் உங்கள் சனத்தோடு ஒரே ஒழுங்கையில் வளர்ந்தவன். எந்த வீட்டிலும் கழற்றிவைத்த தாலியை நான் கண்டதில்லை. வெள்ளைக்காரன் வழக்கத்தைக் கேட்டான், சொன்னேன். அதை அவன் எப்படி எழுதினான் என்பதற்கு நான் பொறுப்பா?

உமக்கு எல்லாம் எப்போதும் தட்டில் வந்தது. முதல் வகுப்பு உமக்கு. எனக்கு ஒன்றரைப் புள்ளி குறைந்து இரண்டாம் வகுப்பு. பேராசிரியர் உமது கொப்பியைத் தூக்கி வகுப்புக்குக் காட்டுவார். பின்வாங்கிலிருந்து நான் உமது பின்னலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். முகாமில் இரண்டாம் வாரமே முகாமையாளர் கள விவரங்களை உம்மிடம்தான் கேட்கத் தொடங்கினார். என்னை 'அல்பி, தேநீர் இருக்கிறதா' என்பார். பேர்த்தில் முதுமாணிப் படிப்புக்கு இருந்த ஒரு இடத்தை எனக்குத் தந்தது உம்மை அனுப்பியபடியால்தான் என்று நீர் இவ்வளவு காலமும் நினைத்துக்கொண்டிருந்தால், அது உமது எண்ணம். எனக்கும் தகுதி இருந்தது. அந்தத் தகுதியை வைத்துக்கொண்டு இன்று காலையில் நான் சைனாவிலிருந்து வந்த நாலாயிரம் குடைகளை எண்ணினேன்.

இதை எழுதி இரண்டு நாள் மேசையில் வைத்திருந்தேன். அனுப்பத்தான் போகிறேன்.

அத்தியாயத்தின் தொடக்கத்தைத் தமிழில் சுருக்கித் தருகிறேன். பிழை இருந்தால் சொல்லும். உம்மைத் தவிர கேட்க ஆள் இல்லை.

"கிளாரா மே நிற்கிற பாறை இருநூற்றெழுபது கோடி வருடம் பழையது. கடலுக்கு அடியில் கக்கிய எரிமலைக் குழம்பு. பின்னர் மடிந்து, நசுங்கி, பச்சை நிறமாகியது. நசுங்கிய வழியே சுடுநீர் ஏறியது. நீர் ஆறியபோது வெள்ளைக் குவாட்ஸும் அதற்குள் தங்கமும் தங்கின. ஒரு முழ அகலம். அதற்குப் பிறகு பூமி ஒரு தரம் அசைந்து, அந்த நரம்பைக் கத்தியால் வெட்டியதுபோல் வெட்டி, மறுபாதியை எங்கோ தள்ளிவிட்டது.

"1897இல் இரண்டு சகோதரர்கள் தண்ணீருக்குக் கிணறு தோண்டித் தங்கத்தைக் கண்டார்கள். ஒருநாளும் அங்கே வராத தங்கையின் பெயரை வைத்தார்கள். கிணற்றில் வந்தது உப்புத் தண்ணீர். அதைக் காய்ச்சி வடிக்க மைல் கணக்கில் மரம் வெட்டி எரித்தார்கள். தகரத்தில் ஒரு விடுதி, ஐந்து உலக்கை கொண்ட கல் இடிக்கும் இயந்திரம், நெருப்புக் காய்ச்சலில் செத்த நான்கு பேருக்குக் கல்லறைகள். பிளவை எட்டியபோது இரண்டு வருடம் மறுபாதியைத் தேடி வெறும் பாறையைக் குடைந்தார்கள். 1908இல் கைவிட்டார்கள்."

அல்பேட்

*

வெள்ளவத்தை
4 ஏப்ரல் 2003

அல்பேட்,

கண்டுபிடித்தது 1896, 1897இல் பதிவுசெய்தார்கள். மற்றது நன்றாக இருக்கிறது. நன்றாக எழுதக்கூடியவர் நீங்கள் என்பது எனக்கு அப்போதே தெரியும்.

நோட்டுப் புத்தகத்தின் ஒரு பக்கத்தையும் பிரதி எடுத்து இத்தோடு வைத்திருக்கிறேன். பாருங்கள். மாதிரி எண்களுக்கு முன்னால், ஒவ்வொரு நாளும் மேல் வரியில்: '7.40. கொடி கழற்றியது. ஜீப். திறப்பு அ.சூ.' இப்படிப் பத்தொன்பது நாள். பதினொரு பவுண் கொடியை ஒரு பிஸ்கட் ரின்னில் வைத்து, ஜீப்பின் முன்பெட்டியில் பூட்டி, திறப்பை உங்கள் கையில் தந்துவிட்டு, கழுத்தில் மஞ்சள் கயிற்றோடு கொட்டிலுக்குள் வருவேன். பின்னேரம் நீங்கள்தான் திறந்து தருவீர்கள். 'என்ன மிஸிஸ் இராசரத்தினம், இண்டைக்கும் புருஷன் உயிரோடதான் இருக்கிறாரோ' என்று ஒருநாள் பகிடி விட்டீர்கள். நானும் சிரித்தேன்.

அது கழுத்தை விட்டு இறங்காது என்று மாமிக்கு வாக்குக் கொடுத்துத்தான் நான் விமானம் ஏறினேன். அதனால்தான் ஒருவருக்கும் சொல்லவேண்டாம் என்று உங்களைக் கேட்டேன். முகாமையாளரின் முன்னால் நீங்கள் அந்தப் பதிலைச் சொன்னபோது நான் திறப்பைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். அந்த அறிக்கை கொழும்புக்கு வரும், திணைக்களத்தில் என் கணவருடைய சித்தப்பா இருந்தார். ஒரு நிமிடம் யோசித்தேன். நீங்களே திருத்திச் சொல்வீர்கள் என்று உங்களைப் பார்த்தேன். நீங்கள் வெளியே நின்ற ஒட்டகப் புதரைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

பிறகு நடந்ததையும் கேளுங்கள். திணைக்களத்தில் என்னை ஒன்பது வருடம் வரைபட அறையில் வைத்தார்கள். ஒரு நாளும் களத்துக்கு அனுப்பவில்லை. மாமியோ அந்தக் கதையை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தா: 'வெளிநாட்டுப் பயிற்சி போனாலும் தாலியைக் கழற்றாத மருமகள்.' கலியாண வீடுகளில் என்னைக் கூப்பிட்டு முன்னுக்கு இருத்தினார்கள். செய்யாத பிழைக்குத் தண்டனை ஒரு பக்கம். செய்யாத நன்மைக்குப் பாராட்டு மறுபக்கம். இரண்டையும் நான் வாய் திறக்காமல் வாங்கிக்கொண்டேன்.

ஒரே ஒரு கேள்வி. கொட்டிலில் வேலை செய்த நாளெல்லாம் உங்கள் இடது கை மோதிர விரலில் பிளாஸ்ரர் சுற்றியிருந்தது. கல் வெட்டியது என்றீர்கள். காயத்தை நான் ஒருநாளும் காணவில்லை. பிளாஸ்ரருக்குக் கீழே என்ன இருந்தது?

ஜெகதீஸ்வரி

*

மொன்றியல்
19 ஏப்ரல் 2003

ஜெகதீஸ்வரி,

இன்று பெரிய சனிக்கிழமை. மனைவி அக்னெஸ் மகளையும் கூட்டிக்கொண்டு கோவிலுக்குப் போய்விட்டா. தடிமன் என்று சொல்லி நான் நின்றுவிட்டேன். வருடாவருடம் பாஸ்காவுக்கு முன் பாவசங்கீர்த்தனம் செய்கிறவன் நான். கோபம், பொறாமை, பொய் என்று பொதுவாகச் சொல்லி முடித்துவிடுவேன். குருவானவர்கள் விவரம் கேட்பதில்லை. நீர் கேட்டுவிட்டீர்.

மோதிரம் இருந்தது.

கலியாண மோதிரம். வருவதற்கு மூன்று மாதம் முன்புதான் அக்னெஸ் போட்டுவிட்டா. அந்த வெக்கையில் விரல் வீங்கி அது இறங்க மறுத்தது. சவர்க்காரம் போட்டுப் பார்த்தேன், நூல் சுற்றி இழுத்துப் பார்த்தேன். முகாமில் கம்பி வெட்டும் குறடு இருந்தது; ஒரு நிமிட வேலை. எனக்கு மனம் வரவில்லை. பொன் எதுவும் உள்ளே வரக்கூடாது என்று முதல்நாளே முகாமையாளர் கொட்டில் வாசலில் சொன்னாரே, அதற்காகப் பிளாஸ்ரரைச் சுற்றினேன். வேலை மினக்கெடக்கூடாது என்று தூளைத் தூரிகையால் தள்ளாமல் உள்ளங்கையால் அரிதட்டில் தேய்த்தேன். 'தூரிகையை எடுங்கோ அல்பேட்' என்று நீர் பல தரம் சொன்னீர். 47 அன்று பின்னேரம் பிளாஸ்ரரின் அடிப்பக்கம் கிழிந்திருந்தது. மாற்றிச் சுற்றினேன். ஒன்றும் யோசிக்கவில்லை. இது உண்மை.

முடிவு வந்த அன்று எல்லோரும் பியர் குடித்தபோதும் யோசிக்கவில்லை. செம்பு என்று அவர்கள் சொன்ன அன்றிரவு கூடாரத்தில் பிளாஸ்ரரைக் கழற்றிப் பார்த்தேன். மோதிரத்தின் அடிப்பக்கம் சப்பையாகத் தேய்ந்து, குறுக்கே கோடு கோடாக இருந்தது. அடுத்த நாள் காலை பத்து மணிக்கு முகாமையாளர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். ஆகவே எனக்கு ஒரு இரவு முழுக்க இருந்தது. அவசரத்தில் வாய் தவறியதல்ல. அந்த வசனத்தை நான் கூடாரத்தில் கிடந்து யோசித்து வைத்தேன். ஒவ்வொரு சொல்லும் உண்மையாக இருக்கவேண்டும், முழுதும் பொய்யாக இருக்கவேண்டும் என்று.

நீர் தாலியைக் கழற்றினீர். நான் மோதிரத்தைக் கழற்றவில்லை. உங்கள் வழக்கம் என்று உம்மைக் காட்டிக் கொடுத்தேன்.

பயத்தினால் செய்தேன் என்று எழுதலாம். பயமும் இருந்தது. ஆனால் அந்த முதுமாணி இடத்துக்கு உமது பெயர் எழுதிய கடிதத்தை இரண்டு நாள் முன்பு முகாமையாளரின் மேசையில் கண்டிருந்தேன். இதை இதுவரை ஒருவருக்கும் சொல்லவில்லை.

லெஸ்லிக்கு அனுப்பத் திருத்தம் ஒன்று எழுதியிருக்கிறேன்: 'பிற்கால விவரங்களின்படி, மாதிரி 47 ஒரு பயிற்சியாளர் அணிந்திருந்த மோதிரத்தினால் மாசடைந்தது, முன்னைய அறிக்கையில் சொல்லப்பட்ட காரணம் தவறு.' இது போதும் என்று நினைக்கிறேன். சம்மதமா?

அல்பேட்

*

வெள்ளவத்தை
6 மே 2003

அல்பேட்,

போதாது.

பயிற்சியாளர்கள் இரண்டு பேர். ஒருத்தி தாலியை ஒருபோதும் கழற்றாதவள் என்று பதினாலாம் பக்கம் சொல்கிறது. அவளுக்கு மோதிரமும் இருந்திருக்கும் என்றுதான் வாசிக்கிறவன் நினைப்பான். உங்கள் பெயரைப் போடுங்கள். நீங்கள் சொன்ன பதிலையும், அது தெரிந்து சொன்னது என்பதையும் போடுங்கள். நான் கொடியைக் கழற்றினேன் என்பதையும் போடுங்கள். அதைக் கேட்க வேண்டிய ஆள் இந்த வீட்டில்தான் இருக்கிறா.

நானே லெஸ்லிக்கு எழுதலாம். எழுதினால், குற்றம் சாட்டப்பட்டவள் இருபத்துநான்கு வருடம் கழித்து மறுக்கிறாள் என்று இருக்கும். அந்த அறிக்கையில் இருப்பது உங்கள் சொல். அதை நீங்கள்தான் எடுக்கவேண்டும்.

முகாமையாளரின் மேசையில் இருந்த கடிதத்தைப் பற்றி எனக்குத் தெரியாது. அதைச் சொல்லாமலே விட்டிருக்கலாம் என்று முதலில் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. ஆனால் அதை வாசித்த நாளிலிருந்து நான் சரியாக நித்திரை கொள்ளவில்லை என்பதையும் நீங்கள் அறியவேண்டும்.

அச்சுக்கு இன்னும் ஏழு கிழமை இருக்கிறது.

ஜெ.

*

மொன்றியல்
8 ஜூன் 2003

ஜெகதீஸ்வரி,

இந்தக் கடிதத்தை எழுதத் தொடங்கி மூன்று கிழமை. முதல் கிழமை உம்மீது கோபம். இரண்டாம் கிழமை லெஸ்லிக்கு, உடம்பு சரியில்லை, அத்தியாயத்தை விட்டுவிடுகிறேன், அந்தப் பெட்டிச் செய்தியையும் விட்டுவிடுங்கள் என்று ஒரு கடிதம் எழுதி, முத்திரையும் ஒட்டினேன். அதை அனுப்பியிருந்தால் உமக்கும் சிரிப்புக் கதை இல்லை, எனக்கும் வெட்கமில்லை. எல்லாம் சமாதானமாக மண்ணுக்குக் கீழே கிடந்திருக்கும். தபால்பெட்டி வரை கொண்டுபோனேன்.

விளங்கிக்கொள்ளும். இந்தப் புத்தகத்தைப் பற்றி நான் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். கோவிலில் சொன்னேன். களஞ்சியத்தில் என்னை 'பாட்டன்' என்று கூப்பிடுகிற பொடியன்களுக்குச் சொன்னேன். மகள் மேனுகா தன் கல்லூரிச் சிநேகிதிகளுக்கு, என் அப்பா உண்மையில் ஒரு புவிச்சரிதவியலாளர் என்று சொல்லியிருக்கிறாள். என் பெயர் அச்சில் வரப்போவது ஒரே ஒரு தரம். அது இதற்காகவா வரவேண்டும்?

அக்னெஸ் மேசையில் கடிதங்களைக் கண்டுவிட்டா. 'ஆரப்பா இந்த ஜெகதீஸ்வரி, மாசத்துக்கொரு கடிதம்?' என்று கேட்டா. வேறு மாதிரி நினைக்கிறா என்று விளங்கியது. வேறு மாதிரியாக இருந்தாலே நல்லது என்று தோன்றியது. சொன்னேன். மோதிரத்தையும் அந்த வசனத்தையும் பற்றி முழுவதும் சொன்னேன். கடைசியில், 'குறட்டாலை வெட்டியிருக்கலாமே. நான் ஏதும் சொல்லியிருப்பனே? மோதிரத்துக்கே நான் கழுத்தை நீட்டினனான்?' என்றா. பிறகு, 'என்ரை பேரைச் சாட்டாதையுங்கோ' என்றுவிட்டு ஆஸ்பத்திரி வேலைக்குப் போய்விட்டா.

நேற்று லெஸ்லிக்கு அனுப்பினேன். ஆங்கிலத்தில் எழுதியதன் தமிழ் இது:

"மாதிரி 47இல் இருந்த தங்கம் என் மோதிரத்திலிருந்து வந்தது. நான், அல்பேட் சூசைப்பிள்ளை, விதியை மீறி அதை அணிந்திருந்தேன், பிளாஸ்ரரால் மறைத்தேன். ஜெகதீஸ்வரி இராசரத்தினம் தன் தாலியை ஒவ்வொரு நாளும் கழற்றி, பூட்டி, திறப்பை என்னிடம் தந்துவிட்டே வேலை செய்தார். விசாரணை நடந்தபோது இவை இரண்டும் எனக்குத் தெரியும். ஒரு வழக்கத்தைச் சொல்லி உண்மையை மறைத்தேன். அவரைப் பயிற்சியின் நடுவிலேயே திருப்பி அனுப்பினார்கள். அவருக்கு வரவேண்டிய இடத்தை நான் எடுத்துக்கொண்டேன்."

போடுவதும் விடுவதும் லெஸ்லியின் விருப்பம் என்று எழுதவில்லை. இதைப் போடாவிட்டால் அத்தியாயத்தையும் போடக்கூடாது என்று எழுதியிருக்கிறேன்.

மன்னிப்புக் கேட்கலாமா என்று தெரியவில்லை. கேட்கிறேன்.

அல்பேட்

*

வெள்ளவத்தை
2 செப்ரெம்பர் 2003

அல்பேட்,

லெஸ்லி இரண்டு பிரதி அனுப்பியிருந்தார். முப்பத்தோராம் பக்கம். ஒரு சொல்லும் மாற்றவில்லை. பெட்டிச் செய்தி இல்லை.

மாமிக்கு எண்பத்தாறு வயது. கண் தெரிவதில்லை, காது கேட்கும். பக்கத்தில் இருந்து தமிழில் சொன்னேன். 'எத்தனை நாள் கழற்றினனி?' என்று கேட்டா. பத்தொன்பது என்றேன். 'அப்ப நான் சனத்துக்குச் சொன்னதெல்லாம்?' என்றா. பிறகு 'அதாலைதான் என்ரை பிள்ளை போனவன்' என்று சொல்லிச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டா. இன்று நாலாம் நாள். என் கையால் தேத்தண்ணி வாங்குவதில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து கொடுக்கிறாள். இப்படித்தான் வரும் என்று தெரிந்தே உங்களைப் போடச் சொன்னேன். வரைபட அறையில் ஒன்பது வருடம் இருந்ததைவிட இது பாரமாக இல்லை.

உங்கள் அத்தியாயத்தை இரண்டு தரம் வாசித்தேன். 1896 என்று திருத்தியிருக்கிறீர்கள்.

மன்னிப்புப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். என்னிடம் இப்போது பதில் இல்லை. வந்தால் எழுதுவேன்.

ஜெகதீஸ்வரி

*

மொன்றியல்
28 செப்ரெம்பர் 2003

அன்புள்ள ஜெகதீஸ்வரி,

உங்கள் கடிதம் வந்த கிழமையே எனக்கும் புத்தகம் வந்தது. கப்பல் தபாலில் வந்து மூலை மடிந்திருந்தது. பதில் எழுதவேண்டாம். இதை மட்டும் நீங்கள் அறியவேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

புத்தகப் பொதியை மேனுகாதான் பிரித்தாள். சந்தோஷம் தாங்கவில்லை அவளுக்கு. 'அம்மா வாங்கோ, அப்பான்ரை புத்தகம்' என்று அக்னெஸைக் கையில் பிடித்து இழுத்துவந்து குசினி மேசையில் இருத்தினாள். அத்தியாயத்தை முதலிலிருந்து சத்தமாக ஆங்கிலத்தில் வாசித்து, தாய்க்குத் தன்னுடைய தமிழில் விளங்கப்படுத்தினாள். கடலுக்கடியில் எரிமலை என்றபோது என்னைப் பார்த்துச் சிரித்தாள். 'நீங்கள் இப்பிடி எழுதுவீங்கள் எண்டு எனக்குத் தெரியாதே' என்றாள். பத்தொன்பது வயதில் அவள் என்னைப் பார்த்து அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தரம். நிறுத்தச் சொல்லலாம் என்று ஒவ்வொரு பக்கம் புரளும்போதும் நினைத்தேன். அக்னெஸ் மேசைவிரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தா.

முப்பத்தோராம் பக்கத்தில் என் பெயர் வந்த இடத்தில் சத்தம் நின்றது. மிச்சத்தை மனதுக்குள் வாசித்தாள். பிறகு பிரெஞ்சில், இது நீங்களா என்று கேட்டாள். மனம் கலங்கினால் அவளுக்குத் தமிழ் வராது. ஓம் என்றேன்.

அடுத்ததைத் தமிழில் கேட்டாள்: 'அந்த அன்ரிக்கு நீங்களாவே எழுதிச் சொன்னனீங்களோ?'

ஓம் என்று சொல்லியிருக்கலாம். அவளுடைய முகம் அந்த ஓமுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. அக்னெஸும் அப்படித்தான் நம்பியிருந்தா.

'இல்லை' என்றேன். 'அதைச் சிரிப்புக் கதையாப் போடப்போகினம், பரவாயில்லையோ எண்டுதான் நான் எழுதினனான். அவதான் விடேல்லை.'

அவள் புத்தகத்தை மூடவில்லை. அந்தப் பக்கத்தை விரித்தபடி என் முன்னால் மேசையில் வைத்துவிட்டு எழுந்து தன் அறைக்குப் போனாள். அக்னெஸ் அதைச் சுற்றித்தான் இரவுச் சாப்பாட்டுக் கோப்பைகளை வைத்தா. கூப்பிட்டதும் மேனுகா வந்தாள்; நாங்கள் மூன்று பேரும் அப்படியே இருந்து சாப்பிட்டோம்.

அல்பேட்